நாமக்கல்லில் ஒரு மதியச் சாப்பாடும் என் தொலைபேசி எண்ணும்

இராசிபுரத்திலிருந்து நாமக்கல் போய்வந்ததைப் பயணம் என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அம்மா நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. நான் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில். அன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் பின்னலைத்தான் அதிகம் பார்த்தேன். போன மாதம் எங்கள் பக்கத்து விசைத்தறிப் பட்டறைகளுக்கு நூல் வராமல் இரண்டு நாள் வேலை நின்றது. அம்மா வீட்டிலிருந்தே தறிக்கான நூலைச் சின்னக் குழல்களில் சுற்றித் தருகிறவர். நூல் இல்லையென்றால் அவருக்கும் வேலை இல்லை. எனக்கும் அந்தச் சனிக்கிழமை விடுமுறை. "சும்மா ஊட்ல உக்காந்திருக்கறதுக்கு எங்கியாச்சும் போயிட்டு வரலாம் சாமி" என்று அம்மாதான் ஆரம்பித்தார்.

அம்மாவோடு பஸ்ஸில் போய் அன்றைக்கே வீடு திரும்ப வேண்டிய பெண்களை மனதில் வைத்துத்தான் இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறேன். வழக்கமாகப் பஸ் நேரம், கழிப்பறை, உட்கார நிழல் என்று எழுதுவேன். இந்த முறை எழுத வேண்டியது வேறொன்றாக ஆகிவிட்டது. அதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்பதுகூடத் தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெளியலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். கல்லூரி முடிக்கிற நேரத்தில் என் பழைய தொலைபேசி எண் ரீசார்ஜ் கடை ஒன்றிலிருந்து யாருக்கோ போயிருக்கிறது. கடைக்காரரா, அங்கே நின்றிருந்த வேறு யாராவதா, தெரியாது. ஒரு ஆண் குரல் தினமும் கூப்பிடும். "கோமதிதானே?" என்று கேட்கும். நான் பேசாமல் இருந்தால் சிரிக்கும். ஒரு நாள் அந்த அழைப்பை அப்பா எடுத்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. சிம்மைக் கழற்றி இரண்டாக ஒடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, தறிப் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டார். அவருக்குக் கோபமா பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன் பிறகு பல மாதங்கள் நான் வீட்டில்தான் இருந்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டம் அலமாரியில் இருந்தது, நான் அதன் எதிரில் இருந்தேன்.

பிறகு சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. அப்பா புது சிம் வாங்கிக் கொடுத்தார். கூடவே ஒன்று சொன்னார்: "தெரியாதவன் ஒருத்தன் உம் பேரச் சொல்லி ஒருக்கா கூப்புட்டாலும் சரி, அன்னியோட வேலைக்குப் போறது நின்னுரும்." அன்றிலிருந்து என் எண்ணை நான் நகை மாதிரி காப்பாற்றி வந்தேன். அலுவலகத்துக்கும் மூன்று நான்கு தோழிகளுக்கும் தவிர யாருக்கும் தரவில்லை. கடைகளில் கேட்டால் "போன் இல்லைங்க" என்பேன், கையில் போனை வைத்துக்கொண்டே.

இனி பயணம். காலை ஏழரைக்கு இராசிபுரம் பஸ் நிலையத்தில் நாமக்கல் பஸ் கிடைத்தது. ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். புறநகர்ப் பஸ் என்பதால் பெண்களுக்கு இலவசம் கிடையாது. ஆண்டகளூர் கேட்டில் நெடுஞ்சாலை ஏறியதும் பஸ் பறக்கிறது. இடது பக்க சன்னல் கிடைத்தால் உட்காருங்கள், காலை வெயில் படும்தான், ஆனால் கொல்லிமலை நீளமாக, நீலமாகக் கூடவே வரும். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் புதுச்சத்திரம் வருவதற்குள் எங்கள் ஊர், தெரு, அப்பாவின் வேலை, என் சம்பளம், எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களா என்பது வரை கேட்டுவிட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அந்த அம்மாளும் தன் மருமகளின் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை வரை சொன்னார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது வெளியூர்ப் பஸ்கள் ஊருக்கு வெளியே இருக்கும் புதிய பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுகின்றன. கோயில் பழைய ஊருக்குள் இருக்கிறது. பதற வேண்டாம், டவுன் பஸ் அடிக்கடி வருகிறது. அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நாங்கள் கால் மணி நேரத்தில் கோயிலடிக்கு வந்துவிட்டோம்.

சனிக்கிழமை கூட்டம் அதிகம். ஆஞ்சநேயர் கூரையில்லாமல் வெயிலில் கைகூப்பி நிற்கிறார். அம்மா நிமிர்ந்து பார்த்து, "பாவம், குளிருக்கும் மழைக்கும் இப்படியேதான் நிக்கறாரு" என்றார், ஏதோ சொந்தக்காரரைச் சொல்வது போல. இலவச வரிசையில் முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு எதிரிலிருக்கும் நரசிம்மர் குடைவரை. அங்கே கல்லின் குளிர்ச்சியில் கொஞ்ச நேரம் நின்றால் வெளியே வர மனம் வராது. பிறகு மலைக்கோட்டை. பாறையிலேயே வெட்டிய படிகள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினால் வழுக்காது, ஆனால் பதினோரு மணிக்கு மேல் பாறை சுடும். அம்மா நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தார். மேலே நின்று பார்த்தால் குளம், லாரிப் பட்டறைகள், தூரத்தில் வரிசை வரிசையாகக் கோழிப் பண்ணைக் கொட்டகைகள். காற்று நன்றாக இருந்தது. அந்த இடத்தோடு இந்தக் கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இறங்கும்போது அம்மாவுக்குத் தலை சுற்றுவது போல இருந்தது. வெயில்தான். டவுன் பஸ்ஸில் புதிய நிலையத்துக்கே வந்தோம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், புறவழிச்சாலை ஓரமாக ஒரு பெரிய குடும்ப உணவகம் இருக்கிறது. அதன் பெயரை எழுதவில்லை. அங்கே வேலை செய்யும் ஒருவருக்கு என்னால் தொந்தரவு வரக் கூடாது. அம்மாவைக் குளிர்ச்சியான இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று ஏசி அறைக்குள் நுழைந்தேன். நாங்கள் இருவரும் ஏசி ஓட்டலுக்குள் போவது அதுதான் முதல் தடவை. கதவை இழுப்பதா தள்ளுவதா என்பதிலேயே கொஞ்சம் தடுமாறினோம்.

மேசையில் தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அட்டை நின்றது. அதில் கறுப்புக் கட்டங்கள். "புள்ளி வெக்காம போட்ட கோலமாட்ட இருக்குது" என்றார் அம்மா. பரிமாறும் அக்கா வந்து தண்ணீர் ஊற்றினார். நீலப் புடவை, தோளில் குத்திய பெயர் அட்டை, மகேஸ்வரி. "ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டுச் சொல்லுங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

ஸ்கேன் செய்தேன். முதலில் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள அனுமதி கேட்டது. அவர்கள் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், வேறெங்கே இருப்பேன்? வேண்டாம் என்று அழுத்தினேன். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது நின்றதும் தொலைபேசி எண் கேட்டது. எண்ணைப் போட்டால்தான் உணவுப் பட்டியல் திறக்குமாம். பின்னால் போய்த் திரும்ப வந்தேன். மறுபடி இடம், மறுபடி எண். பொய்யாக ஒரு எண்ணைப் போட்டேன். அந்த எண்ணுக்கு வரும் ரகசிய இலக்கங்களைக் கேட்டது. யாரோ முன்பின் தெரியாத ஒருவருக்கு அந்த நேரம் நாமக்கல் ஓட்டலிலிருந்து குறுஞ்செய்தி போயிருக்கும். மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எனக்குக் குழப்பமாக இருந்தது. இட்லியா சாப்பாடா என்று பார்ப்பதற்கு என் எண் எதற்கு? இதைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்றும் உடனே தோன்றியது. பரிசோதனை நிலையத்தில் நான் பார்க்கும் வேலையே அதுதான். காலையிலிருந்து மாலைவரை, வருகிறவர்களிடம் "பேரு, வயசு, போன் நம்பர் சொல்லுங்க" என்று கேட்டுக் கணினியில் ஏற்றுகிறேன். சில பெண்கள் நம்பர் என்றதும் கூட வந்தவர் முகத்தைப் பார்ப்பார்கள். "சீக்கிரம் சொல்லுங்கம்மா, பின்னாடி ஆள் நிக்கறாங்க" என்பேன். ரிப்போர்ட் அனுப்ப வேண்டுமே என்று என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. ஓட்டல்காரரிடமும் ஒரு காரணம் இருக்குமோ என்னவோ.

அம்மாவுக்குப் பசி. "என்ன சாமி, அதுக்குள்ள என்ன பண்ற?" என்றார்.

"இருங்கம்மா, வரல."

"எது வரல? சோறா?"

அப்போது பக்கத்து மேசையில் வந்து உட்கார்ந்தவர் ஒரு லாரி முதலாளி என்று பார்த்ததுமே தெரிந்தது. வெள்ளைச் சட்டைப் பையில் ஒரு போன், கையில் இன்னொன்று. கையிலிருந்ததில் யாரையோ டீசலுக்காகத் திட்டி முடித்துவிட்டு, "அக்கோவ், இன்னிக்கு என்ன இருக்குது?" என்றார். மகேஸ்வரி அக்கா மூச்சுவிடாமல் சொன்னார்: "சாப்பாடு இருக்குதுங்க, காளான் பிரியாணி இருக்குதுங்க, பரோட்டா, கொத்து, நெய் ரோஸ்ட், தயிர் சோறு, பன்னீர்ல நாலு வகை இருக்குதுங்க." அவர் "சாப்பாடு போடு" என்றார். முடிந்துவிட்டது.

எனக்குத் தைரியம் வந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். என் குரல் முதல் தடவை அவருக்குக் கேட்கவில்லை, இரண்டாவது தடவை கேட்டது. "அக்கா, எங்களுக்கும் அப்படியே வாயால சொல்லிருங்களேன். மெனு கார்டு இருந்தாலும் பரவால்ல."

"கார்டெல்லாம் கொரோனாவோட எடுத்துப்போட்டாங்க கண்ணு." அவர் கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேசையைத் துடைப்பது போலக் குனிந்தார். "அவிய தெனமும் வாரவிய. அவிய நம்பர் எப்பவோ ஏறிருச்சு. நீங்க புதுசு. எனக்கு ஒரு நாளைக்குப் பதினஞ்சு புது நம்பர் ஏத்தோணும். நாலு நாளா கொறையுது. இன்னிக்கும் கொறஞ்சா நாளைக்கு ஞாயித்துக்கிழம லீவு இல்லைன்னுட்டாரு மேனேஜரு. நாளைக்கு எம் புள்ளயப் பொண்ணு பாக்க ஆளு வருது." பிறகு, "நீங்க படிச்ச புள்ளையாட்ட இருக்கறீங்க, டக்குனு போட்டுருவீங்கன்னு நெனச்சேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் எண்ணைக் கொடுத்தால் அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொடுத்து, அது எங்கேயோ போய், எவனோ கூப்பிட்டால் எனக்கு வேலை இல்லை. இரண்டையும் எப்படி எடைபோடுவது?

அம்மா யோசிக்கவில்லை. அவர் காதில் விழுந்தது லீவு என்ற ஒரு சொல்தான். "அட, ஒரு நம்பருக்கா லீவு இல்லைங்கறாங்க? எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு, என் எண்ணை முதல் இலக்கத்திலிருந்து கடைசி இலக்கம்வரை ஒப்பித்தார்.

எங்கள் தெருவில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை. நாள் முழுவதும் தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசினால்தான் அடுத்தவருக்குக் கேட்கும். தறி ஓடாத இடத்திலும் அம்மாவின் குரல் அதே உயரத்தில்தான் இருக்கும். அந்த ஏசி அறையில் தறி இல்லை, மின்விசிறிகூட இல்லை. கடைசி மேசையில் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்த பெண்வரை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லாரி முதலாளி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கவனித்தார். நான் "அம்மா!" என்றபோது பத்து இலக்கமும் முடிந்திருந்தன.

மகேஸ்வரி அக்கா தன் கையிலிருந்த சின்னக் கருவியில் அதை அழுத்திவிட்டார். போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன், இப்போதே அடிக்கப் போகிறது என்பது போல.

அக்கா திரையைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "இது ஏற்கனவே இருக்குதுங்களே."

"இருக்க முடியாதுங்க" என்றேன். எனக்கே நம்ப முடியாத அளவு உறுதியாகச் சொன்னேன்.

"சரஸ்வதி. இராசிபுரம். பொறந்த நாளு ஜூன் அஞ்சு. நீங்களாங்க?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"நாந்தேன்!" என்றார் அம்மா. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்லியே ஆக வேண்டும். "என்னையத் தெரியுதே இவியளுக்கு! ஜூன் அஞ்சு வாத்தியாரு போட்டது. நான் பொறந்தது தை மாசம்."

பிறகுதான் துருவித் துருவிக் கேட்டேன். சித்தி மகள் கல்யாணத்துக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் சேலை எடுத்திருக்கிறார்கள். பில் போடும் பெண் எண் கேட்டிருக்கிறாள். அம்மா சொல்லியிருக்கிறார். பேர், ஊர், பிறந்த நாள் கேட்டிருக்கிறாள். அதற்கும் சொல்லியிருக்கிறார். அதற்காக ஒரு எவர்சில்வர் டப்பா கொடுத்தார்களாம். அந்தத் துணிக்கடையும் இந்த ஓட்டலும் ஒரே முதலாளிக்குச் சொந்தம் என்று மகேஸ்வரி அக்கா சொன்னார். "இங்க சாப்புட்டா அங்க வெவரம் போவும், அங்க துணி எடுத்தா இங்க வெவரம் வந்துருங்க" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

"எதுக்கும்மா என் நம்பரக் குடுத்தீங்க?"

"பின்ன யாரோடதக் குடுக்கறது? என்ற நம்பரு எனக்குத் தெரியாதே."

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அடித்தால் எடுப்பார். அந்த எண்ணை அவர் யாருக்கும் சொல்ல வேண்டி வந்ததில்லை. ஆனால் என் எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தார், நான் சேலம் பஸ்ஸில் போகும்போது ஏதாவது ஆகிவிட்டால் யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று. வேறெங்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கேஸ், ரேஷன், தீபாவளிச் சீட்டு, மூட்டுவலி டாக்டர், பால் வண்டிக்காரர், சந்தையில் அலுமினியப் பாத்திரக் குலுக்கல். "பாத்திரம் உழுகல" என்று வருத்தமாகச் சேர்த்துக்கொண்டார். அவ்வப்போது வந்த குறுஞ்செய்திகளை விளம்பரம் என்று நான் படிக்காமலே அழித்து வந்திருக்கிறேன்.

நான் ஒன்றரை வருடமாகக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். பின்பக்கம் சுவரே இல்லை. கோபம் வர வேண்டும்தான். வந்ததா என்றால், வந்தது. ஆனால் யார் மேல் என்று பிடிபடவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்த முகத்தோடு கேட்டிருக்கிறார்கள். கொடுத்தவர் என் நல்லதுக்காக மனப்பாடம் செய்தவர். பஸ்ஸில் அந்த அம்மாள் இதைவிட அதிகமாகக் கேட்டார். அவர் இறங்கியதும் அது அவரோடு போய்விட்டது என்று எனக்கு ஏனோ தோன்றுகிறது. ஓட்டல் கருவியில் அம்மா தை மாதம் பிறந்ததும் இல்லை, கேட்டவர் முகமும் இல்லை. ஆனால் அம்மா சொன்னது அங்கேயே இருக்கிறது. இதற்கு மேல் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

"அப்ப எனக்குப் புது நம்பரு இல்லை" என்றார் மகேஸ்வரி அக்கா, தனக்குத் தானே சொல்வது போல.

லாரி முதலாளி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். "உனக்கு எத்தன கொறையுது?"

"ஆறுங்க."

"ப்பூ, இதுக்கா மொகத்த இப்புடி வெச்சிருக்கற?" ஒரு எண்ணை அழுத்தி, அறை முழுக்கக் கேட்கும்படி பேசினார். "டேய் முருகேசா, எங்கடா இருக்கற? நாக்பூரு தாண்டிட்டயா? உன் போனுக்கு இப்ப ஒரு நம்பரு வரும், அதச் சொல்லு. எதுக்கா? சோறு திங்கத்தாண்டா. நீ வந்து தின்னுக்கோ."

அப்படியே வரிசையாக அவருடைய டிரைவர்கள் ஆறு பேரைக் கூப்பிட்டார். ஒருவர் அசாமில் டயர் மாற்றிக்கொண்டிருந்தார். இன்னொருவர், தன் மனைவிக்கு ஏதோ விஷயம் தெரிந்துவிட்டதோ என்று பயந்து "நான் எங்கயும் போவலீங்க மொதலாளி" என்றார். எங்கள் மேசையில் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். ஆறு டிரைவர்களும் நாமக்கல் ஏசி அறையில் சாப்பிட்டதாகக் கணக்கில் ஏறியது. மகேஸ்வரி அக்கா பதினைந்தையும் முடித்துவிட்டு, எங்களுக்கு இலை போட்டார்.

நான் மட்டும் சிரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். முருகேசனின் எண் போனால் முருகேசனுக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. யாராவது கூப்பிட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்பார்கள், அவர் திட்டிவிட்டு வைத்துவிடுவார். அவர் லாரியை யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். எல்லாரிடமும் கேட்பது ஒரே பத்து இலக்கம்தான், ஆனால் எல்லாரும் கொடுப்பது ஒன்றல்ல என்று நினைத்துக்கொண்டேன். பருப்பும் நெய்யும் நன்றாக இருந்தன. சாம்பாரில் உப்பு அதிகம். ஒரு சாப்பாடு நூற்று அறுபது ரூபாய், இரண்டு பேருக்கு வரியோடு முந்நூற்று முப்பத்தாறு. கல்லாவில் இன்னொரு கட்டம் போட்ட அட்டையை நீட்டினார்கள். ரொக்கமாகக் கொடுத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் ஆண்டகளூர் கேட் வந்த பிறகுதான் அம்மா, "அப்பாவுக்குத் தெரிஞ்சா உன்னய நிறுத்திருவாரா?" என்று கேட்டார். நான் "தெரியல" என்றேன். "நான்தான் குடுத்தேன்னு சொல்லிர்றேன்" என்றார். சொன்னாலும் அப்பா எப்படி எடுத்துக்கொள்வார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. மாலை நாலரைக்கு வீட்டில் இருந்தோம்.

இதைப் படித்துவிட்டு நாமக்கல் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை எட்டரைக்குள் கோயிலுக்குப் போய்விடுங்கள், கோட்டையைப் பத்து மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள். குடையும் தண்ணீரும் அவசியம். சாப்பாட்டுக்குக் கட்டம் போட்ட அட்டை இருக்கும் இடத்தில், ஸ்கேன் செய்வதற்கு முன்பே "என்ன இருக்கு" என்று வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். என்னைப் போலக் கூச்சப்பட்டால் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கோயில் தெருக்களில் இலை போடும் சின்ன ஓட்டல்கள் இருக்கின்றன, ஏசி இல்லை, எண் கேட்பதில்லை. எண் கொடுப்பதா வேண்டாமா என்று நான் யோசனை சொல்லவில்லை. கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆனால் போவதற்கு முன் உங்கள் வீட்டில் ஒரு முறை விசாரியுங்கள், உங்கள் எண் ஏற்கனவே எங்கெங்கே இருக்கிறது என்று.

அதற்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். என் போன் உள்ளே அலமாரி மேல் இருந்தது. அது அடித்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். நான் கையில் சோப்பு நுரையோடு ஓடி வருவதற்குள் அவர் எடுத்துவிட்டார். வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார். போனிலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. சொற்கள் புரியவில்லை.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பாதிக் கன்னத்தில் நுரை. அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை, அன்று சிம்மை ஒடித்தபோது எப்படி முடியவில்லையோ அப்படியேதான்.

"சரசு" என்றார் கடைசியில், போனை அம்மா பக்கம் நீட்டி. "உனக்குத்தான். சரஸ்வதி மேடம் வேணுமாம். பட்டுச் சேலையில தள்ளுபடியாம்."

அம்மா போனை வாங்கிக்கொண்டார். "வேண்டாம்ங்க, இப்பத்தான் எடுத்தோம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, எப்படி வைப்பது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்தார்.

"இது கோமதி போனாச்சே?" என்றார் அப்பா.

"எனக்கும் இதுதான்" என்றார் அம்மா. அப்பா ஒரு கணம் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு கண்ணாடி பக்கம் திரும்பி மறு கன்னத்தை வழிக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை வழக்கம் போல ஏழு மணிப் பஸ்ஸில் சேலம் வந்துவிட்டேன். இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று அழைப்புகள் வருகின்றன. மனை, கடன், காப்பீடு. எல்லாரும் சரஸ்வதியைத்தான் கேட்கிறார்கள். கோமதியை இதுவரை யாரும் கேட்கவில்லை. அம்மா செய்த தவறுதான் என்னை மறைத்து வைத்திருக்கிறதா, இல்லை நான் கண்டுபிடிக்கப்படுவது கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறதா, தெரியவில்லை. நேற்று பரிசோதனை நிலையத்தில் மேசையில் இருந்தபோது ஒன்று வந்தது. "சரஸ்வதி மேடம்ங்களா?" என்று கேட்டார்கள். எதிரில் ஒரு பெண் தன் எண்ணைச் சொல்லத் தயங்கி நின்றுகொண்டிருந்தாள். "ஆமாங்க" என்று போனில் சொல்லி வைத்துவிட்டு, அவளிடம், "உங்களுக்கு வேண்டாம்னா விட்டுருங்க, ரிப்போர்ட்ட நேர்ல வந்து வாங்கிக்கலாம்" என்றேன்.